எட்டாவது விண்ணப்பம்

1979 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கல்கத்தாவில் ஒரு பல்கலைக்கழகத்து நகரவியல் துறையின் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஒன்பது பேரும் பேராசிரியர் லாஹிரியின் அறையில் நின்றுகொண்டிருந்தார்கள். நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. யாருக்கும் உட்காரத் தோன்றவில்லை.

மேசைமேல் ஒரு கடிதம் கிடந்தது. தேபாஷிஷ் என்ற மாணவனுக்கு அன்று காலை வந்தது. படிப்பு முடியப்போகிறதே என்று அவன் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு மனுப் போட்டிருந்தான். நகரவியல் என்பது புவியியலும் இல்லை, பொருளாதாரமும் இல்லை, எங்கள் பாடப் பட்டியலில் அப்படி ஒரு பட்டமே இல்லை என்று ஆசிரியர் தேர்வு ஆணையத்தார் மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

லாஹிரி கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டார். மறுநாள் சனிக்கிழமை ஒரு மணியோடு புதிய மாணவர் சேர்க்கை முடிகிறது. அதுவரை வந்தவர்கள் ஆறு பேர். எட்டுப் பேர் சேராவிட்டால் அந்த ஆண்டு முதலாண்டு வகுப்பே கிடையாது என்று பல்கலைக்கழகம் எழுத்தில் கொடுத்திருந்தது. பட்டியலில் பாடத்தைச் சேர்க்கச் சொல்லித் தாம் எழுதிக்கொண்டே இருப்பதாகவும், துறை உயிரோடு இருந்தால்தான் அதற்குச் சண்டை போட முடியும் என்றும் சொன்னார். திங்கட்கிழமை வரை யாரும் இதைப் பற்றி வெளியே பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். அவர் கெஞ்சுகிற குரலில் கேட்டார். ஒன்பது பேரும் தலையாட்டினார்கள். அலமுவும் ஆட்டினாள்.

அலமுவுக்கு இருபத்திரண்டு வயது. பெஹாலாவில் வீடு. அப்பா மஹாதேவன் ரயில்வே அலுவலகத்தில் தலைமை எழுத்தர். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம். ஆனால் அலமு பிறந்தது முதல் கல்கத்தாவைத் தவிர வேறு ஊரில் மூன்று வாரம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. பொருளாதாரம் படித்துவிட்டு, துறை தொடங்கிய வருஷமே அதில் வந்து சேர்ந்தவள். புவியியல், பொருளாதாரம், கட்டடப் பொறியியல், சமூகவியல் நான்கையும் கலந்து, ஒரு நகரத்துக்கு ஏன் தண்ணீர் வருவதில்லை, வந்த தண்ணீர் ஏன் போவதில்லை என்று படிக்கும் படிப்பு. புதுப் படிப்பு என்பதால் சேர வருகிறவர்களுக்கு ஆயிரம் சந்தேகம் இருக்கும், அவற்றை ஆசிரியர்களிடம் கேட்கக் கூச்சப்படுவார்கள் என்று, இரண்டாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரிடமும் ஓரிருவரை ஒப்படைத்துப் பேசச் சொல்லியிருந்தது துறை.

அலமுவிடம் வந்தவள் ஒருத்திதான். அன்னக்கிளி. கரியாஹாட்டில் இட்லிக்கடை வைத்திருக்கும் வீரபாண்டியனின் மகள். புவியியல் இளங்கலையில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். முதுகலைப் புவியியலில் அவளுக்கு இடமும் உறுதியாகியிருந்தது. முதல் நாளிலேயே அலமுவை வங்காளி வழக்கப்படி, அக்கா என்ற பொருளில், 'அலமுதி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பெஹாலாவின் சந்துகளில் நடந்தார்கள். முந்தைய வருஷ வெள்ளம் சுவர்களில் விட்டுப்போயிருந்த கறையை அளவு நாடா பிடித்து அளந்தார்கள். ஒரே சந்தில் எதிரெதிர் வீடுகளில் கறை ஒரு முழம் ஏறி இறங்கியிருப்பதைக் கவனித்தவள் அன்னக்கிளிதான். கறை தாழ்ந்திருந்த வீட்டம்மாவிடமே போய், எந்த வருஷம் வாசலை உயர்த்தினீர்கள், அப்புறம் தண்ணீர் யார் வீட்டுக்குப் போனது என்று கேட்டாள். அலமுவுக்கு அந்தக் கேள்வி ஒரு வருஷமாகத் தோன்றியதில்லை.

அதற்கு அடுத்த வாரம் வீரபாண்டியன் கடையில் அலமுவை உட்காரவைத்து ஒன்றே ஒன்று கேட்டார். "எனக்கு இந்தப் படிப்பெல்லாம் வெளங்காது தாயி. இதப் படிச்சா எம்மகளுக்கு வாத்தியார் வேல கெடைக்குமா? நீ சொன்னா நான் நம்புறேன்."

"கெடைக்கும் மாமா" என்று அலமு சொல்லியிருந்தாள். அப்போது அவள் அதை நம்பினாள்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னாள். லோட்ஷெடிங்கில் மின்சாரம் போன இருட்டில் விசிறியால் விசிறிக்கொண்டே கேட்ட மஹாதேவன், அவளுடைய ஆய்வறிக்கைக்கு மதிப்பெண் போடுகிறவர் யார் என்று விசாரித்தார். லாஹிரிதான் என்றாள். "அப்போ பேசாம இரு. உன் பரீட்சை முடியட்டும். அந்தப் பொண்ணுக்கு அப்பா இருக்கார், அவர் விசாரிச்சுப்பார்" என்றார். சாப்பிடும்போதும் அவர் சொன்னது சரிதான் என்று அலமு தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் வீரபாண்டியன் விசாரித்துவிட்டாரே, தன்னிடம்தானே விசாரித்தார் என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வந்தது.

விடிந்தபோது நல்ல மழை. வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். ஏழரை மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். கத்தியைக் கையில் பிடித்தபடி கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். அவ்வளவுதான்.

டிராம்கள் தண்டவாளத்தில் வரிசையாக நின்றுவிட்டிருந்தன. தாரதலா வரை ஒரு பஸ் ஊர்ந்தது, அப்புறம் அதுவும் நின்றது. இறங்கி நடந்தாள். மாஜேர்ஹாட் பாலத்தைத் தாண்டியபோது குடை திருப்பிக்கொண்டது. அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தபடி நடந்தாள். ராஷ்பிஹாரி முனையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல். கைரிக்‌ஷா ஒன்றில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணியோடு ஒண்டிக்கொண்டு கரியாஹாட் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று நாற்பது.

கடையில் பெஞ்சுகளை மேசைமேல் அடுக்கிவிட்டு வீரபாண்டியன் தண்ணீரை வாரி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். "தண்ணி ஏறும்னு எட்டு மணிக்கே கெளம்பிட்டாளே. ஃபாரம் குடுக்கப் போயிருக்கா" என்றார். அப்புறம் அவள் நின்ற கோலத்தைப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டார். முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும் என்றாள் அலமு. அவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். தம்முடைய குடையை எடுத்து நீட்டினார். அதை வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க அலமுவால் முடியவில்லை.

பல்கலைக்கழகம் இன்னும் இரண்டு மைல். ஓடவும் முடியாத தண்ணீர். உள்ளே போனபோது மணிக்கூண்டு பன்னிரண்டு முப்பத்தைந்து காட்டியது. மழையால் காலையில் கவுண்டர் திறக்கவே பதினொன்றரை ஆகிவிட்டதாம், வரிசை வராந்தாவைத் தாண்டி நீண்டிருந்தது. எல்லாப் பாடங்களுக்கும் ஒரே கவுண்டர். அன்னக்கிளிக்கு முன்னால் மூன்று பேர்தான் பாக்கி. ஒரு பாடத்துக்குக் கையெழுத்துப் போட்டுப் படிவத்தை உள்ளே கொடுத்துவிட்டால் மற்றப் பாடத்து இடம் அங்கேயே ரத்தாகிவிடும்.

அலமு அவள் கையைப் பிடித்து வரிசைக்கு வெளியே இழுத்தாள். தேபாஷிஷின் கடிதம், பட்டியல், லாஹிரி கேட்டுக்கொண்டது, எட்டுப் பேர் கணக்கு எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொன்னாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும் அலமுதி?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்து சாயங்காலமா." கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். "கரியாஹாட் வழியாத்தானே வீட்டுக்குப் போனீங்க? எங்க கடையத் தாண்டித்தானே பஸ் போச்சு?"

அலமு ஆமாம் என்றாள்.

"இன்னிக்கு உங்களச் சேரச் சொன்னா நீங்க சேருவீங்களா?"

சேருவேன் என்று சொல்லத்தான் அலமு வாயெடுத்தாள். "தெரியல அன்னம். நெஜமாவே தெரியல."

அன்னக்கிளி பையைத் திறந்தாள். புவியியலுக்கான படிவத்தையும் நிரப்பித்தான் வைத்திருந்தாள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, நகரவியல் படிவத்தை நான்காக மடித்துப் பைக்குள் போட்டாள். பின்னால் இருந்தவர்கள் இடம் கொடுத்தார்கள். ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் அவள் படிவம் உள்ளே போனது. அலமுவைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

அன்று நகரவியலுக்கு வந்தது ஒரே ஒரு புதிய விண்ணப்பம். மொத்தம் ஏழு.

புதன்கிழமை அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். அந்த ஆண்டு சேர்க்கை இல்லை. தேபாஷிஷ் அவளிடம் பேசுவதை நிறுத்தினான். மற்றவர்கள் அவள் வந்தால் வேறு பேச்சுப் பேசினார்கள். அன்னக்கிளியை இழுத்து நிறுத்தியதை வராந்தாவில் எத்தனையோ பேர் பார்த்திருந்தார்கள். லாஹிரி மட்டும் வழக்கம்போல வகுப்பெடுத்தார். அவளைத் தனியாகக் கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டுத் திட்டினால் தேவலை என்று இருந்தது அலமுவுக்கு. அதையெல்லாம் அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். எதிர்பார்க்காதது வியாழக்கிழமை வந்தது.

நூலகப் படியில் ஒருவன் அவளை நிறுத்தினான். பார்த்தோ என்று பெயர் சொன்னான். சேர்ந்த ஏழு பேரில் ஒருவன். அவனும் அன்று அதே வரிசையில்தான் நின்றிருக்கிறான், அன்னக்கிளிக்கு இரண்டு பேர் முன்னால். அலமு வந்து தமிழில் படபடவென்று பேசியதைத் திரும்பிக்கூடப் பார்த்தானாம். ஒரு வார்த்தையும் புரியவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். இப்போது பொருளாதாரத்தில் இருந்த இடமும் போய்விட்டது, நகரவியலும் இல்லை.

"அவள் உன் ஆள், அதனால் சொன்னாய்" என்று வங்காளத்தில் சொன்னான். "நான் யார் ஆள்?"

தன்னிடம் ஒப்படைத்திருந்தது அவள் ஒருத்தியைத்தான் என்று அலமு சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. எட்டு மைல் நனைந்து வந்தவள் வாயைத் திறந்து வரிசையைப் பார்த்து நான்கு வார்த்தை வங்காளத்தில் சொல்லியிருக்கலாம். அந்த எண்ணமே அவளுக்கு அன்று வரவில்லை.

அன்றைக்கே தேபாஷிஷிடம் போனாள். என்னோடு பேச வேண்டாம், அந்தக் கடிதத்தை மட்டும் கொடு என்று கேட்டாள். ஏழு பேரின் பெயரையும், அவர்கள் எந்தப் பாடத்து இடத்தை விட்டுவிட்டு வந்தார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி, கடிதத்தின் நகலை இணைத்துப் பதிவாளர் அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள். விஷயம் தெரிந்தும் சேர்க்கை முடியும் வரை சொல்லாமல் இருந்தோம் என்று மனுவில் எழுதித் தன் கையெழுத்தைப் போட்டிருந்தாள். இதனால் உன் பட்டம் பாதிக்கலாம் என்று அங்கிருந்த எழுத்தர் தாழ்ந்த குரலில் எச்சரித்தார். பதிவாளர் கையிலேயே கொடுப்பதற்காக மனுவோடு தினமும் பத்தரைக்குப் போய் அந்த வாசலில் நின்றாள். நான்காம் நாள் தேபாஷிஷ் வந்து, மனுவை வாங்கி, அவள் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டான். ஆறாம் நாள் லாஹிரியே வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மனுவை முழுக்கப் படித்தார். 'சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது நான்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டார்.

மூன்று வாரத்தில் ஐந்து பேருக்குப் பழைய இடம் திரும்பக் கிடைத்தது. இரண்டு பேருக்குக் கிடைக்கவில்லை, இடங்கள் நிரம்பிவிட்டன. அந்த இருவரில் பார்த்தோவும் ஒருவன். அவனுக்கு ஒரு வருஷம் வீணானது.

அலமுவின் ஆய்வறிக்கைக்கு லாஹிரி எழுபத்தொன்று போட்டார். அதற்குமேல் போட முடியாது, குறைத்தும் போட முடியாது என்ற அளவில் அது சரியான மதிப்பெண். பட்டம் வந்தது. ஒரு வருஷம் அதைக் காட்டி எங்கும் வேலை கிடைக்கவில்லை. வடிகால் கணக்கெடுப்பு அலுவலகம் ஒன்றில் தற்காலிகமாகச் சேர்ந்து, தெருத் தெருவாக அளவுகோலோடு நடந்தாள். 1983-இல் பாடத்தைப் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குள் அவளுக்கு ஆசிரியர் வேலையில் விருப்பம் போய்விட்டிருந்தது. மறு வருஷம் அலுவலகத்திலேயே நிரந்தரமானாள். இப்போது சால்ட் லேக்கில் மேசை, மின்விசிறி, அவளுக்குக் கீழே நான்கு அளவையாளர்கள்.

துறையில் 1981-இலேயே மறுபடி சேர்க்கை தொடங்கியிருந்தது. அந்த முதல் ஆகஸ்டில் அலமு இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அனுமதி கேட்காமலே வராந்தாவில் ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்தாள். தேபாஷிஷுக்கு வந்த கடிதத்தையும், தனக்கு அதற்குப் பிறகு வந்த ஒன்பது மறுப்புக் கடிதங்களையும் ஒரு அட்டையில் ஒட்டிப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். அப்புறம் வருஷா வருஷம் போனாள். பாடம் பட்டியலில் சேர்ந்த பிறகு அந்த ஆணையின் நகலையும் அட்டையில் ஒட்டினாள். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் தாமாகவே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வருகிறவர்களிடம் முதலில் அட்டையைப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் பேச்சு. படித்துவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. எவரையும் அவள் திரும்பக் கூப்பிட்டதில்லை.

அன்னக்கிளி பெஹாலாவில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருக்கிறாள். இருவருக்கும் இடையில் பழைய நெருக்கம் திரும்பவில்லை. தெருவில் பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். ஆனால் 1986 ஆகஸ்டில் அவளிடம் பள்ளியில் படித்த மாணவிகள் இரண்டு பேர் வராந்தாவுக்கு வந்து, அன்னக்கிளி டீச்சர் அனுப்பினார் என்றார்கள். உங்களிடம் கேட்டால் உள்ளதைச் சொல்வீர்கள் என்றாராம்.

"உட்காருங்கள்" என்று அலமு வங்காளத்தில் சொல்லி, நகர்ந்து இடம் கொடுத்தாள். "முதலில் இந்த அட்டையைப் படியுங்கள். நிதானமாக. ஒரு மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கிறது."