பீரோ மேல் வைக்கிற பேனா ஸ்டாண்டு

எண்பதுகளின் தொடக்கத்தில், தட்டாஞ்சாவடியில் என் அக்கா புருஷனின் பட்டறையில் சோடா பாட்டில் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க அதே பெட்டி, அதே ஆணி. மனுஷன் செய்கிற வேலையா அது?

ஒருநாள் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த பென்ஷன்காரர் ஒருவர் வந்தார். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் 'ஐயா' என்பதற்குப் பதில் 'முசே' என்போம். அவருடைய சங்கத்தில் எல்லோருக்கும் கொடுக்க நூறு பேனா ஸ்டாண்டு வேண்டுமாம். நூறும் ஒன்றுபோல இருக்க வேண்டுமாம்.

"பீரோ மேல வைக்கிற மாதிரி அழகா பண்ணு தம்பி" என்றார்.

நான் பண்ணுகிறேன் என்று குதித்தேன். மச்சான் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "இது சரியா வந்துச்சின்னா இனிமே உனக்கு ஸ்டாண்டு, டிரே வேலைதான். சொதப்புன, சாவுற வரைக்கும் பெட்டிதான் மாப்ள."

பீரோ என்றால் எங்கள் வீட்டில் துணி வைக்கிற இரும்பு அலமாரி. ஆறடி உயரம். அதன் மேல் பேனா எதற்கு என்று நான் கேட்கவில்லை. காசு உள்ளவன் எதை எங்கே வைப்பான் என்று எனக்கென்ன தெரியும்? பிள்ளைகள் எடுக்காமல் இருக்க என்று நானே முடிவு செய்துகொண்டேன். கட்டையின் தலையில் ஓட்டை போட்டால் கீழே நிற்கிறவனுக்குப் பேனா எட்டாது. அதனால் சதுரத் தேக்குக் கட்டையின் முன்பக்கத்தில் மூன்று ஓட்டை போட்டேன். பேனா விழாமல் இருக்க ஓட்டை உள்ளே சரிந்து இறங்கும். பீரோ பெயின்ட் கீறாமல் இருக்க அடியில் பச்சைத் துணி ஒட்டினேன். எவ்வளவு யோசனை பாருங்கள்!

ஒரு மர அச்சும் செய்தேன். கட்டையை அதில் செருகி டிரில் மெஷினை இறக்கினால் ஓட்டை அதே இடத்தில், அதே சாய்வில் விழும். நூறிலும் மயிரிழை வித்தியாசமில்லை.

பென்ஷன்காரர் வந்தார். ஒன்றை எடுத்து, மூன்று பேனா செருகி, மச்சானின் மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். மூன்று பேனாவும் அவர் நெஞ்சைக் குறி பார்த்தன.

"இன்னாய்யா இது, பேனாவா பீரங்கியா?"

"பீரோ மேல வச்சிட்டு அண்ணாந்து பாருங்க முசே."

அவர் மேசையை ஓங்கித் தட்டினார். "இதான்யா பீரோ! பிரெஞ்சுல எழுதுற மேசைக்குப் பேரே பீரோதான்!"

 மச்சான் ஆணி அடிக்கிற சுத்தியலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "மேசைன்னு தமிழ்ல சொன்னா வாய் சுளுக்கிக்குமா?" என்று ஸ்டாண்டைத் தூக்கி மேசையில் அடித்தேன். அது மல்லாக்க விழுந்தது. ஓட்டைகள் ஆழம், பேனாக்கள் வெளியே வரவில்லை. மூன்றும் மேலே பார்த்துக்கொண்டு, லேசாகச் சாய்ந்து, கைக்கு வாகாக நின்றன.

"இப்படித்தான் வைக்கணும்" என்றேன்.

"அப்போ எதிர்க்க இன்னா பச்சையா இருக்கு?"

அடிப்பக்கத் துணி இப்போது அவர் முகத்துக்கு நேரே இருந்தது.

"கண்ணுக்குக் குளிர்ச்சி முசே."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொய்யி. வாயத் தொறந்தாலே பொய்யி. ஆனா எங்க ரெஜிமென்ட்டு கலரு பச்சை. இருக்கட்டும், கட்டிக் குடு."

"தெரிஞ்சிதான் முசே ஒட்டினோம்."

மச்சானுக்கு இருமல் வந்துவிட்டது. சுத்தியலோடு வெளியே ஓடினார்.