உறைத் தண்ணியும் ஊதாத் தண்ணியும்

மீன் பண்ணை வேலையில் கை எப்போதும் நாறும், கால் எப்போதும் ஊறும், இரண்டைப் பற்றியும் வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். சேற்றுப்புண்ணுக்கு மஞ்சள் குழைத்துப் பூசிக்கொண்டே இதைப் படிக்கிற அக்கா தங்கச்சிகளே, உங்களுக்குத் தெரியாததை நான் என்ன சொல்லிவிடப் போகிறேன்? ஆனாலும் எனக்குச் சோறு போட்ட குட்டைகளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் போலிருக்கிறது. வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

பேசாத ஆள்

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, சத்தியவேட்டுக்கும் நாகலாபுரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் பெயிண்ட் வேலை, பண்டிகைக்கு வருவார். அவர் அனுப்புவது போதாமல் போனபோது, ஊரில் இருந்த ஏஜெண்ட் ஒருவர் என்னைக் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லிப் பாஸ்போர்ட்டே எடுக்க வைத்துவிட்டார். எங்கள் பக்கம் அப்படிப் போன அம்மாக்கள் இல்லாத தெரு கிடையாது. அவர்கள் பிள்ளைகள் போனைப் பார்த்துத்தான் அம்மா என்று கூப்பிடும். என் பாப்பாவுக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. உள்ளூரில் ஒரு வேலை நிலைத்தால் போகவேண்டாம் என்று மாமியார் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஜிலேபி மீன் குஞ்சு வளர்த்து விற்கிற பண்ணையில் போய் நின்றேன்.

ஓனர் முனிரத்தினம் அண்ணன் குவைத்தில் லாரி ஓட்டிச் சேர்த்ததையெல்லாம் ஊருக்கு வந்து குட்டையாக வெட்டியவர். "உன் பேரு என்னம்மா?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். தெலுங்கிலும் கேட்டுப் பார்த்தார். நானும் அதே தரையையே பார்த்தேன். கூட வந்த, அங்கே ஏற்கனவே வேலை பார்த்த கன்னியம்மா அக்கா, என் பேர், என் புருஷன் பேர், பாப்பா எந்நேரத்துக்கு அழும் என்பது வரைக்கும் சொல்லி முடித்தாள். தீவன ஷெட்டில் தூளி கட்டிக்கொள்ளச் சொன்னார் அண்ணன். பிறகு கன்னியம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். "பேசாத ஆளுதான் எனக்கு வேணும். பேசறதுக்கு நீ ஒருத்தி ரெண்டு பண்ணைக்குப் போதும்."

வெள்ளிக்கிழமை

போர் போட்டு எடுத்த புதுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். பார்க்க அழகு, குஞ்சுக்கு ஆகாது. தண்ணீர் பாசியேறிப் பச்சை கட்டினால்தான் குஞ்சு தேறும். அதற்கு எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் ஒரு வழக்கம் உண்டு. யார் குட்டை நன்றாக இருக்கிறதோ, அங்கேயிருந்து டிரம்மில் பச்சைத் தண்ணீர் மொண்டு வந்து புதுக் குட்டையில் ஊற்றுவோம். காய்ச்சின பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி. பேரும் உறைத் தண்ணிதான். எங்களுக்கு அவர்கள் கொடுப்பார்கள், அவர்களுக்கு இன்னொருவர், அவருக்கு வேறு யாரோ. உறை மோருக்கு யாராவது விலை கேட்பார்களா? இதுவும் அப்படித்தான்.

ஒருநாள் சாயங்காலம் டிரம்மோடு பக்கத்துப் பண்ணைக்குப் போனோம். அந்த வீட்டம்மா கரையிலேயே மறித்துவிட்டார். தண்ணீர் ததும்பிக்கொண்டுதான் இருந்தது, நாள்தான் சரியில்லை. "வெள்ளிக்கெழம வெளக்கு வெச்சப்புறம் என் வூட்டு மோரே வெளிய போவாது. குட்டைத் தண்ணிய மட்டும் அனுப்பிட்டா லட்சுமி சும்மா இருப்பாளா? நாளைக்கு வா, ரெண்டு டிரம்மு சேத்தே மொண்டுக்கோ."

பழைய விருந்தாளி

ஒரு கோடையில் குஞ்சுகள் தீவனத்தைத் தொடாமல் ஓரமாக வந்து ஒதுங்கின. தோல் சிவந்து, கண்ணில் வெள்ளை படர்ந்தது. நாங்கள் பயப்படவில்லை. முந்தின வருஷமும் இதே சீக்குதான் வந்தது, கொஞ்சம் செத்தது, மிச்சம் தேறிக்கொண்டது. "போன வருஷம் வந்த விருந்தாளிதாண்டி. துன்னுட்டுப் போய்டுவான்" என்றாள் கன்னியம்மா.

இந்த முறை விருந்தாளி போகவில்லை. விடிந்து வந்து பார்த்தால் குட்டை முழுக்க வயிறு காட்டி மிதக்கும். கூடை கூடையாக அள்ளிக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு தூவினோம். பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். மீனாக அவதாரம் எடுத்த சாமியே நாகலாபுரத்தில் இருக்கிறாரே என்று அண்ணன் அங்கேயும் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். ஒரு குட்டை போய், அடுத்த குட்டையிலும் ஆரம்பித்தது. பண்ணையை மூடிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு வந்ததும் முதலில் வந்து நின்றவர் ஏஜெண்ட்தான். மூக்கில் கைக்குட்டை. நான் கூடையும் கையுமாக அழுதுகொண்டிருந்தேன். அவர் ஆறுதல்தான் சொன்னார். "மீனுக்கெல்லாம் ஏம்மா அழுவுற? குவைத்துல வூட்டுக்குள்ளயே கண்ணாடிப் பொட்டியில மீன் வெச்சிருப்பாங்க. ஆச தீரப் பாத்துக்கோ."

டாக்டரம்மா கேட்டது

திருப்பதியிலிருந்து மீன் டாக்டரம்மா வந்தார். செத்ததும் சாகப் போவதுமாக எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். ரிசல்டோடு மறுபடி வந்தபோது எங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். சித்தூர்ப் பக்கத்துத் தமிழ், நடுநடுவே தெலுங்கு. அவர் சொன்னது எனக்குப் புரிந்த மட்டும் இதுதான். இது போன வருஷத்து வைரஸின் வம்சம்தான், ஆனால் அதே வைரஸ் இல்லை. பெருகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாறிக்கொண்டே இருக்கும். ஆற்றில் ஒரு மீனைப் பிடித்தால், அந்த மீன் இன்னொரு மீனைச் சந்திக்கிற வரைக்குமாவது வைரஸ் அதை உயிரோடு விட்டுவைக்கவேண்டும். இல்லையென்றால் மீனோடு அதுவும் போச்சு. குட்டையில் அப்படியா? மீன் மேல் மீன் இடித்துக்கொண்டு நிற்கிறது. ஒன்றைக் கொன்றால் பக்கத்திலேயே இன்னொன்று. அங்கே சாதுவான வைரஸ் பின்தங்கிவிடும், முரட்டு வைரஸ்தான் முந்திக்கொண்டு பெருகும்.

"வெளியில இருந்து ஏதாவது கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார். "லேதம்மா. குஞ்சும் வாங்கல, வலையும் வாங்கல" என்றார் அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை. உறை வாங்குவதை யார்தான் வாங்கினது என்று சொல்வார்கள்? எந்த வழியாக வந்தது என்று தெரியாவிட்டால் திரும்பவும் வரும், அதற்கு மூடிவிடுவதே மேல் என்றார் டாக்டரம்மா. ஷெட்டில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னியம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் அதிசயமாக அன்றைக்கென்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். கடைசியில் நானே சொன்னேன். "உறைத் தண்ணி, மேடம்."

அவருக்குப் புரியவில்லை. அதற்கப்புறம் கன்னியம்மாவை நிறுத்த முடியவில்லை. எந்தக் குட்டைத் தண்ணீர் எந்தக் குட்டைக்குப் போனது, அது எங்கேயிருந்து வந்தது என்று ஊர் ஊராகச் சொன்னாள். டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரித்தேவிட்டார். "வீடு வீடாப் போற உறை மோர் புளிச்சிக்கினே போகும் இல்ல? இதுவும் குட்டை குட்டையாப் போய்ப் புளிச்சிடிச்சி. அது சரி, இவ்ளோ நேரம் இத வெச்சிக்கினு சும்மா நின்ன இந்தப் பொண்ணு, இந்த அம்மாயி யாரு?"

வண்டியோடு வந்தவர்

ஒரு குட்டையில் பாதி மீன் தப்பியது. அவற்றின் உடம்பு அந்த வைரஸைத் தாங்கப் பழகியிருக்கும், ஆனால் உள்ளே வைரஸ் ஒளிந்திருக்கவும் கூடும், வெளியே ஒரு குஞ்சும் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அந்த நேரம் பார்த்து ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டர், பிளாஸ்டிக் பை எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பழைய வாடிக்கை. மீன்கள் பார்க்கத் தெளிவாக நீந்திக்கொண்டிருந்தன. விற்றிருந்தால் அண்ணனுக்கு அந்த மாதம் ஓடியிருக்கும். எங்களுக்கும்தான். நான் சாமியை வேண்டிக்கொண்டேன். விற்கட்டும் என்றா, விற்காமல் இருக்கட்டும் என்றா, எனக்கே தெரியவில்லை.

"சீக்கு வந்த குட்டை இது. குடுத்தா உன் குட்டையும் போய்டும்" என்று அண்ணன் உள்ளதைச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். வந்தவர் காலி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "யாவாரம் தெரியாத ஆளுய்யா நீ. அடுத்த தபா குஞ்சு வுட்டா எனக்குத்தான் மொதல்ல சொல்லணும்."

எல்லா நாளும்

தப்பிய மீனையும் அள்ளிக் குழியில் போட்டு, குட்டைகளை வற்றவைத்து, வெடிக்கக் காயவிட்டு, சுண்ணாம்பு போட்டோம். மீனே இல்லாத அந்த மாதங்களிலும் அண்ணன் எங்களை நிறுத்தவில்லை. கரை கட்டு, புல் பிடுங்கு என்று ஏதாவது சொல்லி வேலை கொடுத்தார். அவர் கையிலிருந்த வாட்ச் அந்தக் கோடையில் காணாமல் போனது. எங்கள் கூலி மட்டும் தவறவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. இனி உறைத் தண்ணி வேண்டாம், அவரவர் குட்டையிலேயே சாணமும் தவிடும் போட்டுப் பச்சை கட்டிக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா பண்ணை பண்ணையாகச் சொன்னார். பக்கத்துப் பண்ணை வீட்டம்மாவுக்குத்தான் அது சுலபமாக இருந்தது. "அவ்ளோதான, இனிமே எனக்கு எல்லா நாளும் வெள்ளிக்கெழம."

கேட்டுக்கு வந்தவர்

புதுக் குஞ்சு விட்டபோது கேட்டிலேயே ஒரு தொட்டி கட்டினார்கள். அதில் கிருமி சாகப் பர்மாங்கனேட் மருந்து கலந்த ஊதாத் தண்ணி. யார் வந்தாலும் காலை முக்கிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அண்ணன், தீவன வண்டிக்காரர், பூசாரி, எல்லோருக்கும் ஒரே சட்டம். சொல்கிற வேலை எனக்கு வந்தது. எனக்கு! ஆனால் ஒரே வாக்கியம்தான். பழகிவிட்டது.

ஏஜெண்ட் விசா வந்துவிட்டதென்று வந்தார். வெள்ளை ஷூ. "இன்னாம்மா, கெளம்பலாமா?" என்றார். "கால் முக்கிட்டு உள்ள வாங்கண்ணா" என்றேன். தொட்டியைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். "நான் இங்கயே நிக்கறேன், நீ வரியா இல்லியா?" நான் மறுபடியும் அதையே சொன்னேன், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. குஞ்சுகள் தீவனத்துக்குத் துள்ளுகிற சத்தம் கேட்டது. பாப்பா ஊதாக் காலோடு ஓடிவந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். கன்னியம்மா தீவனக் கூடையைக்கூட இறக்கவில்லை. "அவ வெளிய வரமாட்டா, நீ காலு முக்காம உள்ள வரமாட்ட. சரியாப் போச்சி, பத்திரமாப் போய்ட்டு வா நைனா."

வைரஸ் வருஷத்துக்கு ஒரு குணம் மாறுகிறது, எனக்கோ இத்தனை வருஷத்தில் மாறியது கால் நிறம் ஒன்றுதான், அதைப் பார்த்துத்தான் என் பாப்பா கூட்டத்திலும் அம்மாவைக் கண்டுபிடிக்கிறாள்.