மதிய வேளைக்கு ஆள் இல்லை

குத்தாலத்திலிருந்து நடந்துகொண்டிருந்தேன். பஸ் வரும்தான். ஆனால் கோபத்தில் இருப்பவனால் ஸ்டாப்பில் நிற்க முடியுமா? ஐந்து மாதம் பார்த்த மெடிக்கல் ஷாப் வேலை அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் போனது. வேலை போவது எனக்குப் புதிதில்லை. கோபம் அதற்கில்லை.

செல்வி என்று ஒரு நடவுப் பெண். இரண்டு வயது மகளுக்குக் காதில் சீழ். டாக்டர் அமாக்ஸிசிலின் சிரப் எழுதியிருந்தார் — மூன்று வேளை. நான்தான் பாட்டிலில் கோடு வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் மறுபடி வந்து நின்றார்.

"காது இன்னும் ஒழுகுதுங்கண்ணே."

"மூணு வேளையும் குடுத்தீங்களா?"

"மதியம் ஏதுங்க? வயல்ல எறங்குனா கரை ஏற மூணு மணி. பாப்பா பக்கத்து வீட்ல. அவங்க மருந்தைத் தொட மாட்டாங்க. அதையும் சேத்து ராத்திரி ஊத்திடுறேன்."

முதலாளி வேறு பாட்டிலை நீட்டினார். "அசித்ரோமைசின். தினம் ஒரு தடவை, மூணே நாள். ஸ்ட்ராங்கு!"

"டாக்டரைக் கேக்க வேண்டாமாங்க?"

"ஒன்பதாவது ஃபெயிலு... நீ எனக்குச் சொல்றியா?"

ஃபெயில்தான். ஆனால் டாக்டர் சீட்டில் இருக்கும் நம்பரைப் படிக்கத் தெரியும். போன் போட்டேன்.

"மருந்தை மாத்தாதீங்க," என்றார் டாக்டர். "சேத்தும் ஊத்தக் கூடாது. மதியம் முடியாதுன்னா அளவை மாத்தி ரெண்டு வேளையா எழுதியிருப்பேனே! அந்தம்மா சொல்லலையே. காதை மறுபடி பாக்கணும். காலைல கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

"நீங்க கேட்டீங்களா சார்?"

லைன் கட். அடுத்த நிமிடம் என் வேலையும் கட்.

எந்த மருந்து ஸ்ட்ராங் என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். மதியம் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்க ஒரு வாய் இல்லை. நான் மட்டும் என்ன ஒழுங்கு? பாட்டிலைக் கலக்கிய அன்றே கேட்டிருக்கலாமே!

டாக்டர் சொன்னதைச் சொன்னதும் செல்வி கடை வாசலிலேயே கையைப் பிசைந்தார். "காலைல எப்படிங்கண்ணே வர்றது? ஆள் குறைஞ்சா செட்டுக்காரம்மா மறுநாள் சேக்காதுங்க."

நான் நடந்தது நடவுக்கு ஆள் சேர்க்கும் அந்தச் செட்டுக்காரம்மா வீட்டுக்குத்தான். விஷயத்தைச் சொல்லி, செல்விக்குப் பதிலாக நான் இறங்குகிறேன் என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

"ஆம்பளை நாத்துக்கட்டு தூக்குவான். நடுவானா தம்பி?"

"நடுறேங்கக்கா. ஒரு நாள்தான்."

மறுநாள் காலை செல்வி மகளோடு பஸ் ஏறினார். நான் அவர் இடத்தில் சேற்றில் இறங்கினேன்.

"அண்ணே, சேலை கொண்டாரட்டுமா?" என்றாள் ஒருத்தி. வரிசை முழுக்கச் சிரிப்பு.

என் நடவு கோணல்தான். ஆனால் கரை ஏற மூன்று மணி ஆகும் என்று இனி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை... என் இடுப்பே சொல்லும்.