ஜலஜாவுக்கு ஒன்பது அஞ்சலிப் பாட்டுகள்

2003 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை காலை ஜலஜா மாரடைப்பில் காலமானதாக நாற்பது பேருக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அந்த நேரத்தில் அவள் கொல்கத்தாவின் டல்ஹௌசி பகுதியில், தான் வேலை பார்க்கும் இன்ஷூரன்ஸ் ஆபீசில் பாலிசிக் காகிதங்களில் சீல் குத்திக்கொண்டிருந்தாள். வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. லேக் கார்டன்ஸில் அண்ணா வெங்கடநாராயணனின் வீட்டில் ஒரு சின்ன அறை அவளுடையது.

மூன்று வருஷத்துக்கு முன் அவள் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாள். அதில் இணையத்தைப் பழக்கிக் கொடுத்தவள் அண்ணாவின் மகள் ஹம்சினி. எதையோ தேடப்போய் ஜலஜா ஒரு இசைக் குழுவில் சேர்ந்தாள். ஐரோப்பாவில் ஊர் ஊராக விரட்டப்பட்ட ரோமா மக்களின் பாட்டுகளைப் பகிர்ந்துகொள்ளும் குழு அது. நடத்தியவர் மிலோஷ். அவரும் ரோமா இனத்தவர்தான். செக் நாட்டில் டிராம் ஓட்டிக்கொண்டு கிளாரினெட் வாசிப்பவர்.

முதல் பாட்டு நான்கு நிமிஷம். இறங்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஸ்வரங்கள் அப்படியே சிம்மேந்திரமத்யமம். தாளம் ஒன்பது எண்ணிக்கை. பதினோரு வருஷம் பாட்டுக் கற்றவள் என்பதால் விடியற்காலையில் உட்கார்ந்து ஸ ரி க ம என்று ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பினாள். தன் அம்மா பாடிய பாட்டை இதுவரை யாரும் தாளில் பிடித்ததில்லை என்று மிலோஷ் பதில் போட்டார்.

அதன்பின் அதுவே அவளுடைய வேலை. ருமேனியக் கல்யாணப் பாட்டு, மாலி நாட்டுத் தந்தி வாத்தியம், போர்த்துகல் சோகப் பாட்டு எல்லாம் வந்தன. அவள் ஸ்வரப்படுத்தினாள். பதிலுக்கு, வங்காளத்து நாடோடிப் பாடகர்களின் பாவுல் பாட்டுகளை அனுப்பினாள். ஆபீசில் அவள் வெறும் 'மாத்ராஜி தீதி', மதராஸ்கார அக்கா. குழுவில் ஜலஜா. நாற்பது பேரும் பெயரைச் சொல்லித்தான் எழுதினார்கள்.

வீட்டில் இருந்தது ஒரே தொலைபேசி இணைப்பு. ஜலஜா இணையத்தில் இருக்கும்போது யாரும் கூப்பிட முடியாது. சென்னையிலிருந்து ஹம்சினியைப் பெண் கேட்டுக் கூப்பிட்டவர்களுக்கு மூன்று தடவையும் லைன் கிடைக்கவில்லை. அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். போதாததற்கு மிலோஷ் இரண்டு முறை வீட்டு எண்ணுக்கே போன் செய்தார். வெள்ளைக்கார ஆண் குரல். அண்ணா நிறுத்தச் சொன்னார். காலை ஐந்திலிருந்து ஆறு வரை மட்டும் போதும் என்று ஜலஜா கெஞ்சினாள். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் ஆபீஸ் போனதும் அண்ணா ஹம்சினியைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, ஜலஜா இறந்துவிட்டதாக ஆங்கிலத்தில் நான்கு வரி சொல்லி, ஜலஜாவின் முகவரியிலிருந்தே அனுப்பவைத்தார். பிறகு கடவுச்சொல்லையும் மாற்றவைத்தார்.

புதன்கிழமை அஞ்சல் பெட்டி திறக்கவில்லை. சர்வரில் ஏதோ கோளாறு என்றாள் ஹம்சினி. சனிக்கிழமை ஜலஜா கரியாஹாட்டில் ஒரு சைபர் கஃபேக்குப் போய்க் குழுவின் பக்கத்தைத் திறந்தாள். அவள் பெயரில் ஒன்பது பாட்டுகள் இருந்தன. ஒன்பது பேர் அவளுக்காக வாசித்து ஏற்றியவை. தன் அம்மாவின் கல்லறையில் வாசித்ததை மிலோஷ் இவளுக்கும் வாசித்திருந்தார். ஒன்பதையும் கேட்டுவிட்டு, புது முகவரி ஒன்றிலிருந்து, நான் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதினாள்.

இறந்தவர் பெயரை வைத்து விளையாடாதே என்று பதில் வந்தது. அந்த முகவரியைத் தடுத்துவிட்டார்கள்.

ஆனாலும் மிலோஷ் நியாயமான மனிதர். விசாரித்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குத் தொலைபேசினார். ஜலஜா சமையலறையில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். அண்ணா ஆங்கிலத்தில் பேசுவது கேட்டது. ஆமாம், அவள் அண்ணன்தான். திடீரென்று போய்விட்டாள். இனிமேல் கூப்பிடாதீர்கள், என் மனைவி ரொம்ப உடைந்துபோயிருக்கிறாள். ஜலஜா ஓடிவருவதற்குள் ரிசீவரை வைத்துவிட்டார்.

"நான் இங்கேதானே நிக்கறேன், அண்ணா."

"அவாளுக்கு நீ இல்லை. அவ்வளவுதான்."

"இன்னொரு தரம் கூப்பிட்டுச் சொல்லு. நீ சொன்னா நம்புவா."

"செத்தவ எழுந்து வந்துட்டான்னு சொல்லச் சொல்றியா? ஆத்துல கல்யாணத்துக்கு ஒரு பொண்ணு நிக்கறா. நோக்கு இந்த வயசுல என்ன சிநேகிதம்?"

மன்னி நாகலக்ஷ்மி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒன்பது பேர் அழுதாளாமே. நான் போனா நாலு பேர் அழுவாளான்னு சந்தேகம். நீ கொடுத்து வச்சவ, ஜலஜா."

மிலோஷின் எண்ணும் மற்றவர்களின் முகவரிகளும் பூட்டிய அந்த அஞ்சல் பெட்டிக்குள் இருந்தன. புதுக் கடவுச்சொல் மறந்துவிட்டது என்றாள் ஹம்சினி. சொல்லும்போது அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

மறு வருஷம் ஹம்சினி கல்யாணமாகி பெங்களூர் போனாள். 2005இல் ஜலஜா அதே குழுவில் மறுபடி சேர்ந்தாள், ஹம்சினி என்ற பெயரில். கொல்கத்தாவா, அங்கே எங்களுக்கு ஒரு தோழி இருந்தார் என்று மிலோஷ் அன்போடு வரவேற்றார். ஒரு மாதம் கழித்து அவள் ஒரு பல்கேரியப் பாட்டை ஸ்வரப்படுத்தி அனுப்பினாள். இரண்டு நாளில் பதில் வந்தது.

முயற்சி நன்றாக இருக்கிறது, இன்னும் பழக வேண்டும் என்று எழுதியிருந்தார் மிலோஷ். கூடவே ஜலஜாவின் பழைய தாள் ஒன்றை இணைத்திருந்தார். இதைப் பார்த்துக் கற்றுக்கொள், அந்தக் காது வேறு யாருக்கும் வராது.

பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் என்று நன்றி சொல்லி எழுதி, கீழே ஹம்சினி என்று போட்டாள்.