தேராவைச் சிவப்பு மையால் அடித்த டீச்சர்

இன்று மகளின் பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஆறாம் வகுப்பில் இங்கிலாந்தின் சந்தை ஊர் ஒன்றைப் பற்றிப் பாடம். எந்தக் காலத்திலோ ஓர் அரசர் அனுமதி கொடுத்துத் தொடங்கிய சந்தை. இன்றும் வியாழக்கிழமைதோறும் சதுக்கத்தில் கூடாரம் போட்டுக் காய்கறிக்காரர்கள் விலை கூவுகிறார்கள். படித்தேன், அழகான ஊர்தான்.

'உனக்குத் தெரிந்த சந்தையைப் பற்றி எழுது' என்பது வீட்டுப்பாடம்.

மகள் ஆயிஷா, நாங்கள் இருக்கும் இந்த வளைகுடா நகரத்தின் பழைய சந்தைப் பகுதியான தேராவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினாள். அப்ரா படகில் கிரீக் என்னும் கடல்கழியைத் தாண்டுவது, மசாலாச் சந்தையில் என் கடை, வாசலில் நின்று நான் ஐந்து மொழியில் ஆள் கூப்பிடுவது.

டீச்சர் மொத்தத்தையும் சிவப்பு மையால் அடித்து, 'மீண்டும் எழுதவும்' என்று போட்டிருந்தார்.

டீச்சர் மதுரைக்காரர். "பாடம் ஹெரிட்டேஜ் பத்தி சார். இவ வெறும் கடைத்தெருவ எழுதியிருக்கா" என்றார்.

"அந்த ஊருக்கு நீங்க போயிருக்கீங்களா டீச்சர்?"

"இல்ல சார். புக்ல போட்டோ இருக்கே."

"அங்க கூவுனா ஹெரிட்டேஜ், நான் கூவுனா கடைத்தெருவா?"

"சிலபஸ் அப்படி" என்று நோட்டை மூடினார்.

காரில் ஏறியதும் ஆயிஷா சொன்னாள்: "நான் இங்கிலாந்துன்னே எழுதிக் குடுத்துடுறேன் வாப்பா. இனிமே ஸ்கூலுக்கு வராதீங்க, ப்ளீஸ்."

டீச்சர் மீது இருந்த கோபம் அப்போதுதான் இரண்டு மடங்கானது. அப்பாவின் கடையைச் சொல்ல என் பிள்ளையைக் கூச வைத்துவிட்டார்.

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர்களே, உங்கள் பிள்ளைகளின் புத்தகத்தில் தேரா எந்தப் பக்கத்தில் இருக்கிறது?