பங்கர்க் கூரையில் கிடந்த மண்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் போரால் இடம்பெயர்ந்து வந்து, புதுக்குடியிருப்பில் ஒரு கொட்டிலில் இருந்தோம். நானும் ஐந்து வயது மகளும் மட்டும். வவுனியாவுக்குப் போன கணவர் பாதை மூடப்பட்டதால் அங்கேயே நின்றுவிட்டார். நிவாரண அரிசியும் பருப்பும்தான் சாப்பாடு. மகளுக்கு வாயோரம் புண்ணாகி, முகம் வெளிறத் தொடங்கியது. கீரை, காய்கறி கொடுக்கச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். வாங்க வழியில்லை. கொட்டிலின் பின்வளவில் பாத்தி கட்டிக் கீரையும் பயற்றங்காயும் போட்டேன்.

முளைத்தவை விரலளவு வளர்ந்து மஞ்சளாகிச் செத்தன. ஊற்றிய தண்ணீர் கீழே இறங்காது. காய்ந்ததும் மண் ஓடு போல இறுகிவிடும். சாம்பல் போட்டேன், மாட்டெரு போட்டேன். மூன்று தரம் விதைத்தும் அதே கதைதான்.

பக்கத்துக் காணியில் மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு பெண் கணவனோடு இருந்தாள். என்னைவிட இளையவள். கூலிக்குத் தோட்டம் கொத்துவாள். உண்மையைச் சொல்கிறேன், எங்கள் ஆட்கள் மலையகத்தாரை ஒரு படி கீழேதான் வைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான். வேலிக்கு அப்பால் நிறுத்தி நாலு வார்த்தை பேசுவதோடு சரி.

ஒருநாள் அவளாகவே வந்து என் பாத்தியில் ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்தாள்.

"அக்கா, இது பங்கர் வெட்டுறப்ப அடியில இருந்து வந்த மண்ணுதானே? மேல் மண்ண என்ன செஞ்சீங்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பங்கர் வெட்டும்போது முதலில் வந்த கறுத்த மண்ணைச் சாக்குகளில் நிரப்பி, குண்டுச் சிதறல் தாங்கப் பங்கர்க் கூரையில் அடுக்கிவிட்டோம். ஆழத்திலிருந்து வந்த மஞ்சள் களிமண்ணைப் பின்வளவில் பரப்பினோம். அதில்தான் நான் விதைத்துக்கொண்டிருந்தேன்.

வேறு சாக்கு இல்லை. நல்ல மண்ணைக் கொட்டிவிட்டு, அதே சாக்குகளில் களியை நிரப்பிக் கூரையில் ஏற்ற வேண்டும்.

"ரெண்டு ரெண்டு மூட்டையா மாத்துங்கக்கா. கூரைய மொத்தமா தொறந்து போட்டுடாதீங்க. நாளைக்கு நானும் வாறேன்" என்றாள்.

மறுநாள் அவள் வருவதற்குள் எல்லா மூட்டைகளையும் இழுத்துக் கீழே போட்டுவிட்டேன். மழை தொடங்க முன் விதைத்துவிட வேண்டும் என்ற அவசரம். பார்த்ததும் அவள் முகம் மாறியது. மண்வெட்டியை எடுத்துச் சாக்கு நிரப்பத் தொடங்கினாள்.

ஏழெட்டு மூட்டை நிரப்பியிருப்போம். குண்டு போட வரும் கிபீர் விமானத்தின் இரைச்சல் கேட்டது. பழக்கத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அதுக்கு மேல ஒண்ணுமில்லக்கா. எங்க பங்கருக்கு வாங்க."

அது அவளும் கணவரும் குந்தியிருக்க மட்டும் வெட்டியது; அவர் வேலைக்குப் போயிருந்தார். எங்களை உள்ளே தள்ளிவிட்டு அவள் வாசல் படியில் குனிந்து இருந்தாள்.

"உள்ளுக்கு வாரும், நெருங்கி இருப்பம்" என்றேன்.

"புள்ளைக்கு மூச்சு முட்டும்" என்றாள்.

முதல் குண்டு தள்ளி விழுந்தது. இரண்டாவது குண்டு மிகக் கிட்டத்தில் விழுந்தது. குண்டுச் சிதறல் அவள் முதுகில் பாய்ந்திருந்தது. உழவு இயந்திரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், என் மடியிலேயே இறந்துபோனாள்.

திரும்பி வந்து பார்த்தபோது, என் பங்கரின் கூரை மரக்குற்றிகளைப் பிளந்துகொண்டு சிதறல்கள் உள்ளே இறங்கியிருந்தன.

எட்டாம் நாள் அவள் கணவர் மண்வெட்டியோடு வந்தார். மீதிச் சாக்குகளை நிரப்பிக் கூரையில் ஏற்றினார். கறுத்த மண்ணைப் பாத்திகளில் பரப்பினார். "அவ ரெண்டு ரெண்டாய்த்தான் மாத்தச் சொன்னவ. நான்தான் கேக்கேல்லை" என்று அழுதேன். அவர் நிமிரவில்லை.

"பங்கர் தொறந்து கெடந்தா புள்ளைக்கு ஆபத்து" என்று மட்டும் சொன்னார்.

பயற்றங்கொடி நன்றாகக் காய்த்தது. முதற்பிடியை எடுத்துக்கொண்டு போனேன். வீடு வெறுமையாகக் கிடந்தது. எங்கே போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "பக்கத்தில இருந்தனீங்கள், உங்களுக்குத் தெரியாதோ?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்கள்.

இப்போது மகளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்களை உள்ளே விட்டுத் தான் வாசலில் இருந்த அந்தப் பெண்ணுக்கு மலையகத்தில் எந்த ஊர் என்று மகள் கேட்கும்போதெல்லாம், இரண்டு வருடம் வேலிக்கு அந்தப் பக்கம் வாழ்ந்தவளிடம் அதைக்கூட நான் ஒருநாளும் கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை.