இரண்டு கை பொத்தான்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர்தான். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள், கடைசியில் அவரும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வகுப்புகளைத் திறப்பது, தண்ணீர்த் தொட்டியை நிரப்புவது, சுற்றறிக்கை கொண்டுபோவது என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தாலும், அவர் மனதில் வேலை என்றால் ஒன்றுதான். வராந்தா முனையில் தொங்குகிற வெண்கல மணியை நேரத்துக்கு அடிப்பது. பதினெட்டு வருடமாக அடிக்கிறார். அந்தக் கயிற்றை வேறு யாரும் தொடக்கூடாது. துடைப்பதுகூட அவரேதான்.

ஒரு தடவை அவர் காய்ச்சலில் படுத்தபோது தலைமையாசிரியரே மணியடித்தார். அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான், மணிச் சத்தம் படுக்கை வரை கேட்கும். மறுநாள் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்று, "சார், நேத்து மூணாவது பீரியடு அரை நிமிஷம் நீண்டுடுச்சே" என்றார் மனுஷன். தலைமையாசிரியர் அதற்கப்புறம் அந்தக் கயிற்றின் பக்கமே போகவில்லை. வேண்டாத வம்பு எதற்கு?

இவருடைய ஒரே மகள் அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றே, "ஒரே ஒரு தடவை நான் அடிக்கட்டுமாப்பா?" என்று கேட்டாள். "பள்ளிக்கூடத்து மணி விளையாட்டுச் சாமானா?" என்று அதட்டினார். மறு வருடமும் கேட்டாள், அதற்கு மறு வருடமும் கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். பிள்ளைக்கு விவரம் வந்துவிட்டது என்று அவர் சந்தோஷப்பட்டார். அப்பாக்களுக்கு என்ன தெரியும்!

அந்த வருடம் புதிதாக ஒரு கணக்கு டீச்சர் வந்திருந்தார். சின்ன வயசு, கையில் எப்போதும் ஒரு நூல்கண்டு. எந்த வட்டத்தைச் சுற்றி அளந்து அதன் குறுக்களவால் வகுத்தாலும் மூன்று புள்ளி ஒன்று நான்கு என்றுதான் வருமாம். அதனால் மூன்றாம் மாதம் பதினான்காம் தேதி கணக்கு நாள். பள்ளி முழுக்க விளையாட்டு, அதைப் பார்க்கப் பெற்றோர்களும் வரலாம்.

"அண்ணே, உங்ககிட்டதான் முக்கியமான பொறுப்பு," என்றார் டீச்சர். "ஒரு ஜாடி நிறையப் பொத்தான் போட்டு எடுத்துட்டு வாங்க. எத்தனைன்னு எண்ணி, ஒரு கவர்ல ஒட்டிக் குடுத்துடுங்க. எனக்குக்கூடச் சொல்லாதீங்க. பிள்ளைங்க பார்த்து உத்தேசமா ஒரு எண்ணு எழுதட்டும். யாரு கிட்டத்துல வர்றாங்களோ அவங்களுக்குப் பரிசு."

"செஞ்சிடலாம் டீச்சர். என்ன பரிசு?"

"மூணு மணி பதினாலு நிமிஷத்துக்கு அவங்கதான் மணியடிக்கணும்!"

கடிகாரத்துக்கு நின்றுபோனது போல் இருந்தது. மூன்று பதினாலுக்கு மணியா? அதுவும் ஏதோ ஒரு வாண்டு கயிற்றை இழுத்தா? பக்கத்தில் இருந்த தலைமையாசிரியரின் முகத்தைப் பார்த்தார். அவர் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, நடத்துங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்துவிட்டார்.

பொத்தானுக்குக் குறைச்சல் இல்லை. அவர் மனைவி தையல் கடையில் பொத்தான் தைக்கிறவர். கடையில் மிஞ்சிய கலர் பொத்தான்களை மூட்டையாகவே கொண்டுவந்து கொடுத்தார். இவர் சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து, பத்துப் பத்தாகக் குவித்து எண்ணினார். பிறகு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். இரண்டு தடவையும் ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு. எல்லாவற்றையும் ஜாடியில் போட்டு வைத்தார். எண்ணைச் சீட்டில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கவரும் பசையும் பள்ளிக்கூடத்தில் இருந்தன, காலையில் ஒட்டிக்கொள்ளலாம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். எத்தனை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன நேர்மையான பிள்ளை என்று அவருக்கு நெஞ்சு விம்மியது.

கணக்கு நாளன்று பள்ளிக்கூடம் அல்லோலகல்லோலப்பட்டது. வாளி, தட்டு, சைக்கிள் சக்கரம், குப்பைக்கூடை என்று வட்டமாக இருந்த எதையும் பிள்ளைகள் விடவில்லை. நான்கு பேர் தலைமையாசிரியரின் தொப்பையையே நூலால் சுற்றி அளந்து வகுத்துவிட்டு, "டீச்சர், இவருக்கு மூணுதான் வருது!" என்று கத்தினார்கள். "சார் முழு வட்டம் இல்லப்பா, அதான்," என்றார் டீச்சர். தலைமையாசிரியர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு கம்பீரமாக நின்றார்.

மதியத்துக்குள் பிள்ளைகள் எல்லாரும் பெயரும் எண்ணும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டீச்சர் அந்தச் சீட்டுகளைத் துணி காயப்போடுவது போல வராந்தாவில் கயிறு கட்டி வரிசையாக மாட்டினார். கடிகாரம் மேடை ஓரத்தில் ஜாடிக்குக் காவலாக நின்றார். அப்போதுதான் அவர் மனைவி கடையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தார். ஜாடியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"இப்பதாங்க பார்க்க நல்லா இருக்கு. நீங்க வச்சிருந்தப்ப ரெண்டு விரக்கடை குறைஞ்சு கிடந்துச்சு. குறையா அனுப்ப எனக்கு மனசு வருமா? காலையில நீங்க குளிக்கப் போனப்ப ரெண்டு கை அள்ளிப் போட்டேன்."

அந்த அம்மாவின் சுபாவம் அது. பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்கினால் திருப்பும்போது கோபுரமாகத்தான் கொடுப்பார். அவரைச் சொல்லி என்ன பிரயோஜனம்? பதினெட்டு வருடமாக ஒரு நிமிஷம் பிசகாதவர் கொடுத்த எண், இன்று பள்ளிக்கூடத்துக்கே தப்பான எண்.

பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. சீச்சீ என்று அதை உதறிவிட்டு டீச்சரிடம் சொல்லக் கிளம்பினார். போகிற வழியில்தான் சீட்டுக் கயிறு. மகள் என்ன எழுதியிருக்கிறாள் என்று ஆசையாகத் தேடினார்.

1862.

மேல் வட்டத்தைப் பெரிதாகப் போடுகிற அவளுடைய எட்டு. அவளுடைய கையெழுத்து. தோராயமாகச் சொல்லி இப்படி அச்சாக அதே எண்ணைத் தொட முடியுமா? சட்டைப்பையில் ஓர் இரவு கிடந்த சீட்டு ஞாபகத்துக்கு வந்தது. நேர்மையான பிள்ளை என்று விம்மிய நெஞ்சு அப்படியே உட்கார்ந்துவிட்டது. கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. பிள்ளை திருடியது எதை? இவர் ஆறு வருடமாகக் கொடுக்க மாட்டேன் என்ற கயிற்றை!

மேடையில் டீச்சர் கவரைக் கையில் எடுத்துவிட்டார். இவர் வாயை மூடிக்கொண்டால் மகள் ஜெயித்துவிடுவாள், மணியையும் அடித்துவிடுவாள். இவர் உண்மையைச் சொன்னாலும், அந்தக் கவரைத் திறந்துவிட்டால் போச்சு. உள்ளே இருக்கிற எண்ணும் கயிற்றில் தொங்குகிற எண்ணும் ஒன்று என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். தப்பான எண்ணைக் கரெக்டாக எழுதினவள் எப்படி எழுதினாள் என்று கேட்க மாட்டார்களா? ஆக, உண்மையையும் சொல்ல வேண்டும், கவரும் திறக்கக்கூடாது.

"டீச்சர், ஒரு நிமிஷம்!" அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "அதுல இருக்கிற எண்ணு தப்பு. எண்ணினதுக்கு அப்புறம் ஜாடியில இன்னும் கொஞ்சம் பொத்தான் சேர்ந்துடுச்சு. நான் சரிபார்க்காம கொண்டு வந்துட்டேன்."

"கடிகாரமே தப்பா?" என்று ஒரு பொடிசு கத்தியது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெற்றோர் வரிசையில் அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார்.

டீச்சருக்கோ ஏக சந்தோஷம். "அட, இது இன்னும் நல்லதுண்ணே! இப்ப எல்லாருமா சேர்ந்து எண்ணுவோம். நீங்க எழுதினதையும் பிரிச்சுப் பார்த்து, எவ்வளவு வித்தியாசம்னு கழிச்சுப் பார்ப்போம்!"

கவரின் ஓரத்தில் டீச்சரின் விரல் நுழைந்துவிட்டது. கடிகாரம் மேடையேறி அதைப் பிடுங்கினார். ஆமாம், பிடுங்கினார். இரண்டாகக் கிழித்தார், நான்காகக் கிழித்தார், எட்டாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தப்பான எண்ணை எதுக்கு டீச்சர் பிள்ளைங்க பார்க்கணும்?"

யார் சொல்லையும் தட்டாத மனுஷன் இப்படிச் செய்ததில் டீச்சர் திகைத்துப்போனார். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். ஏழாம் வகுப்பு வரிசையில் ஒருத்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு எண்ணினார்கள். வகுப்புக்கு ஒரு கிண்ணம், தரையெல்லாம் பத்துப் பத்தாகக் குவியல், யாரும் மிதிக்காதே என்று ஒரே கூச்சல். மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது என்று எழுதியிருந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி ஜெயித்தாள். அவளுக்குக் கயிறு எட்டவில்லை. கடிகாரமே ஸ்டூல் கொண்டுவந்து ஏற்றிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இழு" என்றார். மூன்று பதினாலுக்கு மணி அடித்தது. ஒரு விநாடி பிசகவில்லை.

சாயங்காலம் வீட்டில் மூவரும் கூடத்தில் இருந்தார்கள். வீட்டிலும் மூன்று வட்டங்களை அளந்து வரச் சொல்லியிருந்தார் டீச்சர். மகள் ஒரு தட்டைச் சுற்றி நூலைப் பிடித்தபடி வெகுநேரமாக அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டே புலம்பினார்.

"என்னாலதான உங்களுக்கு அத்தனை பேர் முன்னாடி தலைகுனிவு. அது கிடக்கட்டும், ரெண்டு கைன்னா எத்தனைதாங்க போட்டிருப்பேன்? கழிச்சுப் பார்க்கக்கூட வழியில்லாம கிழிச்சுப் போட்டுட்டீங்களே."

"அதை விடும்மா," என்றார் அவர்.

"அறுபத்தொன்பது," என்றாள் மகள்.

அம்மாவின் கை பொத்தானோடு நின்றது. "உனக்கு எப்படிடி தெரியும்?"

"அப்பா எழுதினது ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்திரெண்டும்மா. ராத்திரி சட்டையைத் தேய்க்க எடுத்தப்ப சீட்டைப் பார்த்துட்டேன்." அதற்கு மேல் அழுகை முட்டியது. "அந்த மணியை ஒரு தடவையாவது அடிக்கணும்னு இருந்துச்சு. கேட்டா நீங்க தரமாட்டீங்க. நீங்க கவரைக் கிழிச்சப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சுப்பா."

யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். சும்மா இருந்திருக்கலாம். தானாக வாயைத் திறந்து சொல்கிறாள். கடிகாரம் தன் முன்னால் கிடந்த ஒரு பொத்தானை எடுத்துத் துடைப்பது போலச் சட்டையில் தேய்த்தார்.

"கழித்தல் சரி," என்றார். "மத்ததெல்லாம் தப்பு."

"தெரியும்ப்பா."

"நாளைக்கு டீச்சர்கிட்ட நீயே போய்ச் சொல்ற. நானும் கூட வந்து, ஏன் கிழிச்சேன்னு சொல்லிடறேன். அப்புறம் ஒரு மாசம், காலையில என்னோட சீக்கிரம் கிளம்பணும். மணியைத் துடைக்கிறது உன் வேலை."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். நம்ப முடியாமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

"தொடலாமாப்பா?"

"தொடாம எப்படித் துடைப்ப?" என்றார் கடிகாரம்.